செக்ரோல்ல ஏறாத பேருங்க

சோசியல் சைக்காலஜி, அதான் சுத்தி இருக்கிறவங்களால மனுசன் நடத்தை எப்படி மாறுதுன்னு பாக்கிற துறை, அந்தப் பாடப்புத்தகம் எதை வேணும்னாலும் திறந்து பாருங்க, முதல் சாப்டர்ல அநேகமா இதே வரிசைதான் வரும். 1898ல நார்மன் ட்ரிப்லெட், 1908ல ஒரே வருசத்துல பாடப்புத்தகம் போட்ட வில்லியம் மெக்டூகலும் எட்வர்ட் ராஸும், 1924ல ஃப்ளாய்ட் ஆல்போர்ட், அப்புறம் கர்ட் லெவின், முஸஃபர் ஷெரிஃப், சாலமன் ஆஷ், ஸ்டான்லி மில்கிராம், ஃபிலிப் ஸிம்பார்டோ. நான் மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல வார இறுதியில காலேஜ் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன், பாதிப் பேரு பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பங்கதான், இந்த வரிசைய அவங்க மண்டையில ஏத்துறது என் வேலைல ஒண்ணு. என் கிளாஸ்ல உக்கார்றது முக்காவாசி பொம்பளப் பிள்ளைங்க, அந்த வரிசைல ஒரு பொம்பள பேரு கூட கிடையாது. இது எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கிற விசயம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், அந்த ஆம்பளைங்க செஞ்சது சின்ன வேலை இல்ல. ட்ரிப்லெட் சைக்கிள் ரேஸ் ரெக்கார்டுகள பாத்து, தனியா ஓட்றவன விட கூட ஆள் ஓட்றப்ப வேகம் ஏறுதேன்னு கவனிச்சு, 40 பிள்ளைங்கள கூப்ட்டு தூண்டில் சக்கரத்த சுத்த விட்டு அளந்து பாத்தாரு. இன்னொருத்தர் பக்கத்துல இருக்கிறதே நம்ம உடம்பையும் மனசையும் மாத்துதுங்கிறத அளவு வெச்சு பாக்கலாம்னு காட்டுனது பெரிய விசயம்தான். லெவின் அதுக்கும் மேல, 1890ல பொறந்த யூதர், ஹிட்லர் வந்த 1933ல ஜெர்மனிய விட்டு அமெரிக்கா போனவரு, ஒரு மனுசன் ஏன் இப்படி நடந்துக்கிறான்னு கேட்டா அவனையும் பாரு அவன் நிக்கிற எடத்தையும் பாரு ரெண்டும் சேந்துதான் நடத்தைன்னு சொன்னாரு.

இந்த ஒரு கருத்த எங்க ஊரு பிள்ளைங்களுக்கு சொல்லித்தர்றதுக்காகவே நான் இந்தப் பாடத்த விடாம எடுக்கிறேன்னு சொல்லலாம். ஏன்னா இங்க எல்லாத்துக்கும் ஒரே விளக்கம்தான், "அவன் புத்தி அப்படி", "தோட்டத்துப் பிள்ளைக்கு படிப்பு ஏறாது", "பொம்பளப் பிள்ளைக்கு கணக்கு வராது". தோட்டம் மூடி லயத்த, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள, இடிச்சு ஜனங்கள தாமான் குடியிருப்புக்கும் மலிவு விலை வீட்டுக்கும் அனுப்பி எவ்வளவு காலம் ஆச்சு, ஆனா அந்தப் பேச்சு மட்டும் கூடவே குடி வந்துருச்சு. நிக்கிற எடத்த பாக்காம ஆள மட்டும் குத்தம் சொல்ற இந்தப் பழக்கத்துக்கு 1977ல லீ ராஸ் ஒரு பேரே வெச்சாரு, ஃபண்டமெண்டல் அட்ரிபியூஷன் எரர்னு. இத சொல்றப்பதான் பிள்ளைங்க நிமிந்து உக்காருவாங்க.

சரி, இப்ப விசயத்துக்கு வரேன். எடத்தப் பாரு எடத்தப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொன்ன இந்தத் துறை, தன்னோட சொந்த ரூம்ல, பக்கத்து மேசைல உக்காந்திருந்த பொம்பளைங்க நிக்கிற எடத்த மட்டும் பாக்கவே இல்ல.

லெவின் பெர்லின்ல இருந்தப்ப அவர் கிட்ட படிச்ச பொம்பளைங்க யாரு யாருன்னு பாருங்க. பாதில நிறுத்தின வேலை முடிச்ச வேலைய விட நல்லா ஞாபகம் இருக்கும்னு 1927ல எழுதினது ப்ளூமா ஸைகார்னிக். நிறுத்தின வேலைய திரும்ப போயி முடிக்கணும்னு மனசு இழுக்கும்னு காட்டுனது மரியா ஓவ்சியான்கினா. கோவம் எப்படி உருவாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணது தமாரா டெம்போ. ஸைகார்னிக் பேராவது ஞாபகசக்தி சாப்டர்ல ஒரு ஓரமா நிக்குது, மத்தவங்க பேர எங்க பிள்ளைங்க யாரும் கேள்விப்பட்டதே இல்ல, எல்லாம் "லெவினும் அவர் மாணவர்களும்"னு ஒரே வரில போயிடுது.

அடுத்தது கேரலின் வுட் ஷெரிஃப். 1954ல ஓக்லஹோமால ராபர்ஸ் கேவ் கேம்ப், 22 பையன்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு, போட்டி வெச்சா எப்படி சண்டை வருது, பொது வேலை குடுத்தா எப்படி கூடிக்கிறாங்கன்னு பாத்த ஆராய்ச்சி, பரீட்சைல அடிக்கடி வரும். புத்தகம் 1961ல வந்துச்சு, எழுதுனவங்க அஞ்சு பேரு, முதல் பேரு ஷெரிஃப், கடைசி பேரும் ஷெரிஃப். அந்தக் கடைசி ஷெரிஃப்தான் கேரலின், முஸஃபரோட மனைவி. கல்யாணமான புதுசுல புருசன் பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில வேலை செய்றாரு, அங்க பொம்பளைங்கள மேல்படிப்புக்கே எடுக்க மாட்டாங்க, அதனால இவங்க நியூயார்க்ல இருக்கிற கொலம்பியா யுனிவர்சிட்டிக்குப் போயி பாடம் எடுத்துக்கிட்டாங்க. புருசனோட சேந்து ஆராய்ச்சி பண்ணி புத்தகம் எழுதி பிள்ளைங்களயும் வளத்து, பிஎச்டி வாங்குனது 1961ல, அதே புத்தகம் வந்த வருசம். பாடப்புத்தகத்துல "ஷெரிஃப்"னு படிக்கிறப்ப உங்க மனசுல யாரு முகம் வருது சொல்லுங்க.

எங்க பக்கம் பழைய ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். ரப்பர் தோட்டத்துல விடியறதுக்கு முன்ன பெரட்டுன்னு பேரு கூப்பிடுவாங்க, அப்புறம் அவங்கவங்க மர நிரைக்குப் போகணும். புருசன் பால் வடிய மரத்துப் பட்டைய வெட்டுவான், பொண்டாட்டி கூடவே போயி பால் பிடிக்கிற மங்கு தொடைப்பா, பட்டைல காஞ்ச ஒட்டுப்பால் உரிப்பா, பால் எடுக்க வாளி தூக்குவா, பிள்ளை இருந்தா ஆயாக்கொட்டாயில விட்டுட்டு ஓடுவா. ஸ்டோர்ல பால நிறுக்கிறப்ப தோட்டத்துக் குமாஸ்தா கிராணி எழுதுறது யாரு பேர்ல? பல தோட்டத்துல புருசன் பேர்லதான். அவ கை பட்ட பாலும் அதே தராசுல ஏறுச்சு, செக்ரோல்ல, அதான் வேலையாளுங்க பேரு எழுதுற நோட்டுல, அவ பேரு ஏறல. வேலை நடந்ததுல யாருக்கும் சந்தேகம் இல்ல, அவ ஏமாத்தப்பட்டான்னு கூட அப்ப யாரும் நினைக்கல, குடும்பம்னா அப்படித்தான்னு இருந்துட்டாங்க. தனியா செக்ரோல்ல பேரு இருந்த பொம்பளைக்கும் காசு குறைச்சல்தான், 1920கள் கடைசில இந்தியக் குடியேற்றக் கமிட்டி நிர்ணயிச்ச நாள் சம்பளம் ஆம்பளைக்கு 50 காசு பொம்பளைக்கு 40 காசுன்னு இருந்துச்சு. யுனிவர்சிட்டிகள்ல நடந்ததும் இதே கணக்குதான், தராசும் நோட்டும்தான் வேற.

மேமி ஃபிப்ஸ் கிளார்க் கதைய நான் கிளாஸ்ல எப்பவும் அவசரப்படாம சொல்லுவேன். 1917ல ஆர்கன்சால பொறந்த கறுப்பினப் பெண். ஹோவர்ட் யுனிவர்சிட்டில 1939ல மாஸ்டர்ஸ் ஆராய்ச்சி, சின்னப் பிள்ளைங்களுக்கு தான் கறுப்புங்கிற உணர்வு எப்ப வருது எப்படி வருதுன்னு. அதுல இருந்து வளந்ததுதான் பொம்மை ஆராய்ச்சி. ஒரே மாதிரி பொம்மைங்க, தோல் நிறம் மட்டும் வேற, எது நல்ல பொம்மை எது கெட்ட பொம்மை எது உன்ன மாதிரி இருக்குன்னு பிள்ளைங்கள கேட்டாங்க. நிறைய கறுப்பினப் பிள்ளைங்க வெள்ளைப் பொம்மைதான் நல்லதுன்னு சொல்லுச்சுங்க, கடைசிக் கேள்வி வந்தப்ப சில பிள்ளைங்க அழுதுச்சுங்க. இந்த ஆராய்ச்சி 1954ல பிரவுன் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போட அடிக்குறிப்பு வரைக்கும் போச்சு, பள்ளிக்கூடத்துல இனப் பிரிவினை சட்டவிரோதம்னு தீர்ப்பு வந்துச்சு. அடிக்குறிப்புல இருக்கிற பேரு கென்னத் கிளார்க், அதாவது மேமியோட புருசன். இது அடிப்படைல மேமியோட ஆராய்ச்சி, நான் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டவன்னு கென்னத்தே பிற்காலத்துல மனசார சொல்லியிருக்காரு, அந்த நேர்மைக்கு அவர பாராட்டணும்.

ஆனா வேலைன்னு வந்தப்ப என்னாச்சு? ரெண்டு பேரும் கொலம்பியால சைக்காலஜில பிஎச்டி வாங்குன முதல் கறுப்பினத்தவங்க, கென்னத் முதல்ல, மேமி 1943ல. கென்னத்துக்கு நியூயார்க் சிட்டி காலேஜ்ல வேலை கிடைச்சு பேராசிரியரா உயர்ந்தாரு. மேமிக்கு எந்த காலேஜ் கதவும் திறக்கல, படிப்புக்கு சம்பந்தமே இல்லாத டேட்டா வேலை பாத்தாங்க, அப்புறம் 1946ல புருசனோட சேந்து ஹார்லம்ல பிள்ளைங்களுக்கான ஒரு மையத்த ஆரம்பிச்சு பல வருசம் அத நடத்துனாங்க. இன்னொண்ணு சொல்லணும், கொலம்பியால மேமிக்கு வழிகாட்டியா இருந்த ஹென்றி காரெட் இனப் பிரிவினைய ஆதரிச்சவரு, பின்னாடி பள்ளிக்கூடப் பிரிவினை பத்தின வெர்ஜீனியா வழக்குல அவரு பிரிவினைக்கு ஆதரவா சாட்சி சொல்ல வந்தப்ப, அவருக்கு எதிரா சாட்சிக் கூண்டுல ஏறுனது மேமிதான். தன் குருவுக்கு எதிரா நின்னு பேசுன அந்த நெஞ்சுரத்த நினைச்சா எனக்கு இன்னைக்கும் சிலிர்க்கும்.

இதுக்கு முன்னாடி தலைமுறை இன்னும் மோசம். மேரி கால்கின்ஸ் ஹார்வர்ட்ல வில்லியம் ஜேம்ஸ் கிட்டயும் முன்ஸ்டர்பெர்க் கிட்டயும் படிச்சு எல்லாத்தையும் முடிச்சாங்க, பேராசிரியருங்க சம்மதிச்சும் 1895ல நிர்வாகம் டிகிரி குடுக்கல, பொம்பளைங்கிறது மட்டும்தான் காரணம். அவங்கதான் 1905ல அமெரிக்க சைக்காலஜி சங்கத்துக்கு முதல் பெண் தலைவர். கிறிஸ்டின் லாட் ஃபிராங்க்ளின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 1882ல முடிச்ச படிப்புக்கு டிகிரி வாங்குனது 1926ல, 44 வருசம் கழிச்சு. எல்ஸ ஃப்ரெங்கல் ப்ரன்ஸ்விக்கும் அப்படித்தான், எதேச்சாதிகார மனப்பான்மை பத்தி 1950ல நாலு பேர் சேந்து எழுதின பெரிய புத்தகத்துல ரெண்டாவது பேரு அவங்களோடது, அகர வரிசைல முதல்ல வந்த அடோர்னோ பேர்தான் நிலைச்சுது. பெர்க்லி யுனிவர்சிட்டில புருசன் அதே டிபார்ட்மெண்ட்ல இருந்ததால இவங்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கல.

லீட்டா ஹாலிங்வொர்த் பத்தி கேட்டா எங்க பொம்பளப் பிள்ளைங்க கண்ணு விரியும். நியூயார்க்ல அப்ப கல்யாணமான பொம்பளைக்கு டீச்சர் வேலை கிடையாது, வீட்ல சும்மா உக்காந்திருந்தவங்க திரும்ப படிக்கப் போனாங்க. மாசவிடாய் நேரத்துல பொம்பளைக்கு மூளை சரியா வேலை செய்யாதுன்னு டாக்டருங்களே எழுதிக்கிட்டிருந்த காலம் அது. இவங்க பொம்பளைங்களுக்கு மாசக்கணக்குல தினமும் டெஸ்ட் வெச்சு, கூட ஒப்பிட ஆம்பளைங்களையும் சேத்து, அப்படி ஒண்ணும் குறையலன்னு 1914ல காட்டுனாங்க. அதுக்கு முன்ன அத்தன பேரு எழுதுனாங்களே, யாரும் இப்படி ஒழுங்கா அளந்து பாக்கல.

இன்னொரு பக்கம், ஆராய்ச்சில உக்கார வெச்ச ஆளுங்களும் ஆம்பளைங்கதான். கூட இருக்கிறவங்க தப்பா சொன்னா ஒருத்தர் ஒத்துப்போவாரான்னு ஆஷ் கோடு காட்டி கேட்டது ஆம்பள மாணவர்கள, நடத்துறவர் சொன்னா இன்னொருத்தருக்கு கரண்ட் ஷாக் குடுக்கிறதா நம்பி சுவிட்ச் போடுவாங்களான்னு பாத்த மில்கிராமோட முதல் ஆராய்ச்சி 40 ஆம்பளைங்க, காவலராவும் கைதியாவும் நடிக்க வெச்ச ஸிம்பார்டோவோட 1971 ஜெயில் ஆராய்ச்சி 24 ஆம்பள மாணவர்கள். மில்கிராமாவது பிற்பாடு 40 பொம்பளைங்கள வெச்சு பாத்தாரு, ஆம்பளைங்க மாதிரியே 65 சதவீதம்தான் கடைசி 450 வோல்ட் ஷாக் வரைக்கும் போனாங்க. ஸிம்பார்டோ ஆராய்ச்சிய ரெண்டு வாரம் நடத்துறதா திட்டம், ஆறு நாள்ல நிறுத்துனாங்க, அந்தப் பையன்கள நீங்க பண்றது கொடுமைன்னு நேரா நின்னு சொன்னது கிறிஸ்டினா மாஸ்லாக். பாடப்புத்தகங்கள்ல அவங்கள பெரும்பாலும் ஸிம்பார்டோவோட காதலின்னுதான் அறிமுகப்படுத்துவாங்க. அப்ப அவங்க பிஎச்டி முடிச்சவங்க, இன்னைக்கு எல்லாரும் வேலைல மனசு களைச்சுப் போறத பர்ன் அவுட் பர்ன் அவுட்னு சொல்றோமே அத அளக்கிற கேள்விப் பட்டியல உருவாக்குனதும் அவங்கதான். என்னைக் கேட்டா அந்த ஆராய்ச்சில கத்துக்க வேண்டிய முக்கியமான ஆளு மாஸ்லாக்தான், ஸிம்பார்டோ இல்ல.

இத எல்லாம் துறைக்குள்ள இருந்தே போட்டு உடைச்சது நயோமி வைஸ்ஸ்டைன், 1968ல. அவங்க ஹார்வர்ட்ல படிச்சப்ப, ஆராய்ச்சிக்கு மெஷின் கேட்டா நீ ஒடச்சிடுவேன்னு தரல. பொம்பளைங்க எப்படிப்பட்டவங்கன்னு சைக்காலஜிக்கு ஒண்ணுமே தெரியாது, ஏன்னா அவங்க வாழ்ற சூழ்நிலைய அது பாக்கவே இல்லன்னு எழுதுனாங்க. லெவின் சொன்ன அதே பாடத்த எடுத்து துறைக்கே திருப்பிச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

அதே 1968ல ஃபிலிப் கோல்ட்பெர்க் ஒரு எளிமையான வேலை செஞ்சாரு. ஒரே கட்டுரை, பாதிப் பேருக்கு எழுதுனது ஜான்னு ஆம்பளப் பேரு, மீதிப் பேருக்கு ஜோன்னு பொம்பளப் பேரு, படிச்சது காலேஜ் பொம்பளப் பிள்ளைங்க, ஜான் எழுதுனதுன்னு நினைச்சவங்க அதிக மதிப்பு குடுத்தாங்க. பிற்பாடு பண்ண ஆராய்ச்சிகள்ல முடிவு கலவையா வந்துச்சு, அதையும் சொல்லணும். 1999ல ஸ்டைன்ப்ரைஸும் கூட ரெண்டு பேரும் சேந்து 238 சைக்காலஜி ஆசிரியர்களுக்கு ஒரே சிவி அனுப்புனாங்க, பேரு மட்டும் பிரையன் மில்லர் இல்லாட்டி கேரன் மில்லர். புதுசா வேலைக்கு எடுக்கிறதுன்னா பிரையனத்தான் அதிகம் எடுப்போம்னாங்க, ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் ஒரே மாதிரி. யாருக்கு பாரபட்சம் பத்தி எல்லாம் தெரியுமோ அவங்கதான் இவங்க. 2012ல மோஸ் ரக்குசின் குழு 127 சயின்ஸ் பேராசிரியர்கள் கிட்ட லேப் மேனேஜர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்த குடுத்தாங்க, பேரு மட்டும் ஜான் இல்லாட்டி ஜெனிஃபர், ஜானுக்கு சராசரியா 30,238 டாலர் சம்பளம் தரலாம்னாங்க, ஜெனிஃபருக்கு 26,508. அங்கயும் பொம்பளப் பேராசிரியருங்க வேற மாதிரி குடுக்கல.

எதிர்ப்பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. 2015ல வில்லியம்ஸும் செசியும் பண்ண ஆராய்ச்சில, ரெண்டு பேரும் சமமா ரொம்ப கெட்டிக்காரங்கன்னு எழுதிக் காட்டுனா பொம்பளையத்தான் ரெண்டு மடங்கு அதிகம் தேர்ந்தெடுத்தாங்க. நான் இத ரொம்ப யோசிச்சிருக்கேன். இது பொய்யின்னு நான் நினைக்கல, ஆனா அங்க ரெண்டு பேரும் அப்பழுக்கில்லாத சிவியோட கதவு வரைக்கும் வந்து நிக்கிறாங்க. அந்த சிவில பேரு ஏறணும்ல, கட்டுரைல யாரு பேரு முன்ன யாரு பேரு பின்ன, யாரு மெஷின் தொட்டாங்க யாரு மீட்டிங்ல குறிப்பெடுத்தாங்க, அது எல்லாம் கதவுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்து முடிஞ்சிடுது. மேமிய தடுத்தது ஒரே ஒரு இண்டர்வியூ இல்ல.

நம்ம நாட்டுக் கதையும் இதுதான். அரசாங்க யுனிவர்சிட்டிகள்ல பாதிக்கு மேல பொம்பளப் பிள்ளைங்கதான் படிக்கிறாங்க, மேல போகப் போக அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறதில்ல. எங்க பெரியம்மா மக அக்கா ஒருத்தவங்க ஒரு பெரிய யுனிவர்சிட்டில ஆராய்ச்சி உதவியாளரா இருந்தாங்க, பழைய தோட்டத்து வயசான ஆளுங்கள பேட்டி எடுக்கிற வேலை, வெயில்ல வீடு வீடா போயி, பாட்டிங்க கூட உக்காந்து கோப்பி குடிச்சு, பேச்சுத் தமிழ எழுதி, அத மலாய்ல மாத்தி, கேள்விப் பட்டியலயே பாதி மாத்திக் குடுத்தாங்க, ஏன்னா அந்தக் கேள்விய அப்படியே கேட்டா பாட்டிங்க வாயே திறக்கல. கட்டுரை வந்துச்சு. அக்கா பேரு நன்றி சொல்ற எடத்துல, அதுவும் எழுத்துப் பிழையோட. கூட வேலை செஞ்ச பையன் பேரு எழுதுனவங்க பட்டியல்ல மூணாவது. அக்கா யார்கிட்டயும் சண்டை போடல, பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிற எண்ணத்த விட்டுட்டாங்க, இப்ப வேற வேலை பாக்கிறாங்க. எங்க வீட்ல எல்லாரும் சொன்னது, "அவளுக்கு அவ்வளவு ஆர்வம் இல்ல போல". மறுபடி பாருங்க, எடத்த விட்டுட்டு ஆளப் பாக்கிற அதே பேச்சு.

இங்கேருந்து பக்கத்துல இருக்கிற ஈப்போல 1927ல பொறந்த ரசம்மா பூபாலன் பேர நான் கிளாஸ்ல கட்டாயம் சொல்லுவேன். சின்ன வயசுலயே நேதாஜியோட ஜான்சி ராணி பெண்கள் படைல சேந்தவங்க, பிற்பாடு டீச்சரா ஆகி 1960ல பெண் ஆசிரியர் சங்கத்துக்கு தலைமை தாங்கி, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்னு போராடுனவங்க. 1969ல அரசாங்க வேலைல பொம்பளைக்கும் சம சம்பளம்னு ஒத்துக்கிட்டாங்க. சைக்காலஜி சிலபஸ்ல இவங்க இல்லதான், ஆனா ஒருத்தர் நிக்கிற எடத்த மாத்துனா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் நம்ம மண்ணுல எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சின்னப் பிள்ளைங்க விசயமும் ஒண்ணு பாக்கி இருக்கு. 2017ல லின் பியானும் அவங்க குழுவும் அமெரிக்கப் பிள்ளைங்க கிட்ட, ரொம்ப ரொம்ப கெட்டிக்காரங்க ஒருத்தர பத்தி கதை சொல்லி அது யாருன்னு படத்துல காட்டச் சொன்னாங்க. அஞ்சு வயசுல பொம்பளப் பிள்ளைங்க பொம்பளையக் காட்டுனாங்க, ஆம்பளப் பிள்ளைங்க ஆம்பளையக் காட்டுனாங்க. ஆறு வயசுல இருந்து பொம்பளப் பிள்ளைங்க தங்களக் காட்டுறது குறைஞ்சு போச்சு, ஸ்கூல்ல நல்ல மார்க் வாங்குறது பொம்பளப் பிள்ளைங்கதான்னு தெரிஞ்சும் கூட. தமிழ்ப்பள்ளில முதலாம் ஆண்டு சேர்ற வயசு, அவ்வளவுதான் யோசிச்சுக்குங்க.

நான் இப்ப செய்றது என்னன்னா, கிளாஸ்ல எந்த ஆராய்ச்சிய சொன்னாலும் அதுல வேலை செஞ்ச எல்லாரோட முழுப் பேரையும் போர்டுல எழுதுறேன். ஷெரிஃப்னு எழுதுனா முஸஃபர், கேரலின் ரெண்டும் எழுதுவேன். கிளார்க்னா மேமி முதல்ல. பரீட்சைல கேக்க மாட்டாங்கன்னு பையன்க சொல்லுவாங்க, கேக்காட்டியும் எழுதிக்கன்னு சொல்லிட்டு போயிட்டே இருப்பேன். அடுத்த மாசம் சைக்காலஜில இருக்கிற பாரபட்சத்த பத்தி கேரலின் 1979ல எழுதின கட்டுரைய பிள்ளைங்களோட சேந்து தமிழ்ல சுருக்கி எழுதப் போறோம். சுங்கை சிப்புட், குவாலா கங்சார் பக்கம் தோட்டத்து ஆராய்ச்சிக்கு பேட்டி எடுத்துக் குடுத்த, மொழிபெயர்த்துக் குடுத்த அக்காமாருங்க யாராவது இத படிச்சா எனக்கு எழுதுங்க, எந்த வருசம் என்ன வேலை செஞ்சீங்கன்னு மட்டும் சொன்னா போதும், அத ஒரு நோட்டுல பதிஞ்சு வைக்க ஆரம்பிச்சிருக்கேன்.